கிலோவுக்கு விற்பனை, பீஸுக்குக் கொள்முதல்

நம் மாநகராட்சிகளுக்குப் பழமையைப் போற்றத் தெரியாது என்று ஏசுகிறவர்கள் இருக்கிறார்கள். அபாண்டம். அவர்களுக்குப் பழமை மீது இருக்கிற பற்று கொஞ்சநஞ்சமல்ல. இருக்கிற பழமை போதாதென்று புதிதாகவே பழமை செய்து வாங்குகிறார்கள். அதுவும் முறைப்படி டெண்டர் விட்டு, தரச் சான்றிதழோடு, ஒரு வருட வாரண்டியோடு.

ஊரின் நடுவில் பழைய கடைவீதி ஒன்று இருக்கும். அதன் ஓரத்தில் தாத்தா காலத்து வார்ப்பிரும்பு விளக்குக் கம்பம் ஒன்றிரண்டு மிச்சமிருக்கும். உபயோகமற்றது என்று எழுதி, பிடுங்கி, எடை போட்டு, கிலோ கணக்கில் காயலான் கடைக்கு அனுப்புவார்கள். சில மாதங்களில் அதே ஓரத்தில், அதே வளைவு நெளிவுகளோடு, பளபளவென்று கறுப்புப் பெயிண்ட் அடித்த கம்பங்கள் வரிசையாக முளைக்கும். இவற்றுக்கு ‘ஹெரிடேஜ் லைட்’ என்று பெயர். இவை பீஸ் கணக்கில் வாங்கப்பட்டவை. போனதும் விளக்கு, வந்ததும் விளக்கு. இடையில் ஒரு பில் பாஸானது. அவ்வளவுதான் வித்தியாசம், இதற்குப் போய் ஏன் கூச்சல் போடுகிறீர்கள் என்கிறார்கள்.

கூச்சல் ஏன் என்று தெரிய வேண்டுமானால் இரண்டு கம்பங்களையும் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

பழைய கம்பத்தின் அடிப்பாகம் கனமாக, அகலமாக இருக்கும். வண்டி மோதினால் வண்டிக்குத்தான் சேதம். அடியில் உள்ளங்கை அகலத்துக்குச் சின்னக் கதவு. உள்ளே குழாய்க்கோ கம்பிக்கோ இணைப்பு. பீடத்தில் அதை வார்த்த பட்டறையின் பெயர் புடைப்பெழுத்தில் நிற்கும். மேலே போகப் போகக் கம்பம் ஒடுங்கும். உச்சிக்குச் சற்றுக் கீழே குறுக்காக ஒரு கம்பி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். விளக்கேற்றுகிறவர் ஏணியைச் சாத்துவதற்காக வைத்த கம்பி அது. அதற்கு மேல் நான்கு பக்கமும் கண்ணாடி போட்ட கூண்டு, கீழே குறுகி மேலே விரிந்திருக்கும். வெளிச்சம் தெருவில் விழ வேண்டும், கம்பத்தின் நிழல் குறுக்கே விழக் கூடாது. கூண்டின் தொப்பியில் துளைகள். சூடும் புகையும் வெளியேற வேண்டும். அலங்காரம் என்று நாம் நினைக்கிற அநேக உறுப்புகளுக்கு அதில் ஒரு வேலை இருந்தது.

புதிய ஹெரிடேஜ் கம்பத்தைப் பாருங்கள். மெல்லிய இரும்புக் குழாய்க்கு மேல் பூவேலைப்பாடு போட்ட ஃபைபர் சட்டை. தட்டினால் டொக் டொக் என்று கேட்கும். அடியில் நான்கு போல்ட்டு. அதில் இரண்டுக்கு நட்டு இருக்காது. சின்னக் கதவும் உண்டு, அது மூடாது. மழை பெய்தால் உள்ளிருந்து ஒயர் வெளியே எட்டிப் பார்க்கும். தொப்பியில் துளையும் உண்டு. புகையே வராத விளக்குக்குப் புகைபோக்கி. குறுக்கே அந்த ஏணிக்கம்பியும் உண்டு. கம்பம் நடுகிற அன்றைக்கு அங்கே இப்படி ஒரு பேச்சு நடந்திருக்கலாம்.

“சார், மேல குறுக்கால ஒரு ராடு நீட்டிக்கிட்டிருக்கே, அது எதுக்கு?”

“டிசைன்ல இருக்குப்பா.”

“அதான் சார், எதுக்குன்னு?”

“ஹெரிடேஜ்.”

“அப்ப ஏணிய அதுல சாத்திக்கட்டுமா சார்?”

“யோவ், சாத்தினா கம்பமே சாஞ்சிரும். வாரண்டி போயிரும். கிட்டயே போகாதே.”

ஏணியைத் தாங்கிய கம்பி காயலான் கடையில். ஏணியைத் தாங்காத கம்பி நடைபாதையில். இதற்குப் பெயர்தான் பாரம்பரியப் பாதுகாப்பு.

பழையதைப் பழுது பார்த்து வைத்தால் என்ன? அது தெரியாமல் கேட்கிற கேள்வி. பழுது பார்த்த கம்பத்துக்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை. “இக்கம்பத்தின் விரிசல் அடைக்கப்பட்டது” என்று கல்வெட்டு வைத்த வரலாறு தமிழ்நாட்டில் இல்லை. பெரிய திட்டங்களில் பணம் வருவது புதிதாகப் போடுவதற்கு. போட்டதைப் பராமரிப்பது உள்ளாட்சியின் சொந்தச் செலவு. உள்ளாட்சியிடமோ சம்பளம் போடவே பணம் இழுபறி. ஆகவே, இருபது ரூபாய் பாகம் ஒன்றை மாற்ற வழியில்லாத அதே ஊரில் இருநூறு புதுக் கம்பம் நட வழியிருக்கும். இது தனியொரு அதிகாரியின் கெட்ட புத்தி என்று நினைத்து ஆறுதல் அடைய வேண்டாம். வாங்கினால் ஊக்கம், காப்பாற்றினால் தண்டனை என்றுதான் கணக்கேடே எழுதப்பட்டிருக்கிறது. பழுது வேலையில் பத்து சதவீதம் என்றால் என்ன தேறும்? அதைக் கேட்கவே ஆள் வராது.

பணம் இல்லை என்று மட்டும் யாரும் சொல்லிவிட வேண்டாம். 2015இல் தொடங்கிய ஸ்மார்ட் சிட்டி திட்டம் நூறு நகரங்களுக்கு. தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, கோவை, தஞ்சாவூர் என்று வரிசையாகச் சேர்ந்தன. அதே ஆண்டு பாரம்பரிய நகரங்களுக்கென்றே ‘ஹிருதய்’ என்று தனித் திட்டம், பன்னிரண்டு ஊர்களுக்கு 500 கோடி ரூபாய்; அதில் காஞ்சிபுரமும் வேளாங்கண்ணியும் உண்டு. இரண்டு திட்டங்களும் முடிந்துவிட்டன. ஊரில் எத்தனை பழைய தெருவிளக்குக் கம்பங்கள் இருந்தன, எங்கெங்கே இருந்தன என்று ஒரு பட்டியலை உங்கள் ஊர் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். எண்ணாத பொருள் தொலைந்தால் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வசதிக்காகவே எண்ணாமல் விடுகிறார்களோ என்னவோ.

ஆள் இல்லை, தொழில் தெரிந்தவர் இல்லை என்பதும் எடுபடாது. உடைந்த பாகத்தை அச்செடுத்து மறுபடி வார்க்க வேண்டும்; விரிசலைத் தைக்க வேண்டும்; துருவைச் சுரண்டிப் பூச்சுப் பூச வேண்டும். வேலை இவ்வளவே. கிணற்று மோட்டாரிலிருந்து கனரக எந்திரம் வரை பாகம் வார்த்துக் கொடுக்கிற ஃபவுண்டரிகள் கோயம்புத்தூரில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. வார்ப்பு வேலைக்கு இந்தியாவே அந்த ஊரைத் தேடி வருகிறது. விளக்குக் கம்பத்துக்கு மட்டும் நாம் கேட்லாக் புத்தகத்தைப் புரட்டுகிறோம்.

இந்த வியாதி நமக்கு மட்டும் வந்ததில்லை என்பதில் ஓர் அற்ப சந்தோஷம். கொல்கத்தாவைப் பாருங்கள். 1857லேயே அந்த ஊர்த் தெருக்களில் வாயு விளக்கு எரிந்தது. ஓரியண்டல் கேஸ் கம்பெனி ஏற்றியது. விளக்கு விஷயத்தில் இந்தியாவில் அதற்கு இணையான சரித்திரம் உள்ள ஊர்கள் ஒன்றிரண்டே. அந்த ஊரை லண்டன் ஆக்குவேன் என்றுதான் 2011இல் மம்தா பானர்ஜி ஆட்சிக்கு வந்தார். சாலையெங்கும் மூன்று தலையோடு திரிசூல விளக்குகள் முளைத்தன. விலை என்ன, வாங்கிய முறை என்ன என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. அது வழக்கமான சங்கதி. 2015இல் லேக் டவுனில் முப்பது மீட்டர் உயரத்தில் ஒரு பிக் பென்னும் எழுந்தது. அசலில் மூன்றில் ஒரு பங்கு உயரம். லண்டன் ஆகிவிட்டது என்பதற்கு இதைவிட வேறு என்ன சான்று வேண்டும்?

அந்த லண்டனில் என்ன நடந்தது தெரியுமா? 1807இல் பால் மால் தெருவில் வின்சர் என்பவர் வாயு விளக்கு ஏற்றிக் காட்டினார். 1812இல் அதற்கென்றே கம்பெனி அமைந்தது. இன்றும் அந்நகரில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வாயு விளக்குகள் எரிகின்றன. விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் ஏணியும் துணியுமாகச் சுற்றி வந்து, கண்ணாடி துடைத்து, மேண்ட்டில் என்கிற வலைத்திரியை மாற்றி, நேரப்படி ஏற்றி அணைக்கிற கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துவிட்டுப் போகிறார்கள். 2021இல் வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் தன் பொறுப்பிலிருந்த சுமார் 300 விளக்குகளை எல்.இ.டி.க்கு மாற்றக் கிளம்பியது. உதிரிபாகம் கிடைப்பதில்லை, கரிமம் வெளியாகிறது, வாயு வெளிச்சம் போலவே தோன்றும்படி செய்கிறோம், உங்களுக்கு வித்தியாசமே தெரியாது என்றது. தெரிந்தது. ஊர்க்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு விளக்கையும் படம் எடுத்து, எண் போட்டு, எங்கே நிற்கிறது என்று எழுதிவைத்துக்கொண்டு கேள்வி கேட்டார்கள். கவுன்சில் பின்வாங்கியது, பெரும்பாலான விளக்குகள் வாயுவிலேயே எரிகின்றன. ஆக, கொல்கத்தா லண்டன் ஆக ஆசைப்பட்ட காலத்தில், லண்டன் கவுன்சில் தன் சொந்த விளக்குக்கே நகல் செய்ய ஆசைப்பட்டது. நகலெடுக்கிற புத்தி எல்லா நகரசபைக்கும் பொது. தடுத்து நிறுத்துகிற ஜனம்தான் சில ஊர்களில் மட்டும் இருக்கிறது.

பெர்லினில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நாற்பதாயிரத்துக்கு மேல் வாயு விளக்குகள் இருந்தன. உலகில் மிஞ்சியவற்றில் பாதிக்கு மேல். அகற்ற ஆரம்பித்ததும், அழிவின் விளிம்பில் உள்ள நினைவுச் சின்னங்களைப் பட்டியலிடும் உலகக் கண்காணிப்புப் பட்டியலில் 2014இல் அவை இடம்பெற்றன. கோயிலும் கோட்டையும் இடம்பிடிக்கிற பட்டியலில் தெருவிளக்கு! குரோஷியாவின் ஸாக்ரெப் நகரத்தில், மேல்நகரத் தெருக்களில் 1863இல் தொடங்கிய வாயு வெளிச்சம் இன்றும் தொடர்கிறது. இருநூற்றுச் சொச்சம் விளக்குகளை ஆள் போய்த்தான் ஏற்றுகிறார். அந்த ஊர் இருண்டும் போகவில்லை, திவாலும் ஆகவில்லை.

நாமும் மண்ணெண்ணெய் விளக்குக்குத் திரும்ப வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. எல்.இ.டி. மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறது, நல்ல விஷயம். பழைய கூண்டுக்குள் எல்.இ.டி. பொருத்தலாம், கம்பத்தை அப்படியே விடலாம், செலவும் குறையும். ஆனால் நம்மவர்கள் போடுகிற எல்.இ.டி.யின் லட்சணம் வேறு. கண்ணைக் குத்துகிற நீலம் கலந்த வெள்ளை. நூறு வருடச் செங்கல் சுவரும் மரத் தூண் வைத்த திண்ணையும் அதில் பிணவறை மாதிரி தெரிகின்றன. 2017இல் ரோம் நகரின் மையத்தில் பொன்னிற வெளிச்சத்தை எடுத்துவிட்டு வெள்ளை எல்.இ.டி. போட்டபோது ஊரே சண்டைக்கு வந்தது. தெருவிளக்கின் நிற வெப்பநிலை 3,000 கெல்வினைத் தாண்டக் கூடாது, தூக்கம் கெடும், கண் கூசும் என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 2016லேயே சொன்னது. மஞ்சள் வெளிச்சம் தருகிற எல்.இ.டி.யும் அதே கடையில்தான் கிடைக்கிறது. ஆனால் எந்த வெளிச்சம் என்று டெண்டரில் ஒரு வரி எழுத வேண்டும். எழுத வேண்டுமென்றால் இரவில் அந்தத் தெருவில் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். காரில் போகிறவருக்கு எல்லா வெளிச்சமும் ஒன்று.

நம் சரித்திரத்துக்கு வருவோம். தெருவிளக்கைப் பற்றிப் பேசாத பட்டிமன்றம் உண்டா? பள்ளி ஆண்டுவிழா உண்டா? சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி முத்துசாமி ஐயர், ஏழைப் பிள்ளையாக மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்துக்கு வேலை பார்த்து, இரவில் தெருவிளக்கின் அடியில் படித்து மேலே வந்தவர் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். சிலை வைத்தோம், உயர் நீதிமன்றத்துக்குள் உட்கார்ந்திருக்கிறார். விளக்கு எங்கே? அந்தக் காலத்து விளக்குக் கம்பம் ஒன்றையாவது, இதுபோன்ற கம்பத்தின் அடியில்தான் படித்தார் என்று காட்டுவதற்கு, ஊரில் நிறுத்தி வைத்தோமா? படித்தவரைக் கும்பிடுகிறோம், வெளிச்சம் கொடுத்ததை எடைக்குப் போடுகிறோம். அமைச்சரும் ஆட்சியரும் மேடையேறி அதே கதையை அடுத்த வருடமும் சொல்வார்கள். மேடைக்குப் பின்னால் ஹெரிடேஜ் லைட் கண் சிமிட்டும். அழகுக்காகச் சிமிட்டுகிறது என்று நினைக்காதீர்கள், உள்ளே எல்.இ.டி.க்கு மின்சாரம் தருகிற டிரைவர் போய்விட்டது.

இந்தியாவின் முதல் மின்சார டிராம் 1895இல் சென்னையில் ஓடியது, 1953இல் நின்றது. அந்தத் தண்டவாளத்தில் ஒரு முழமாவது தெருவில் தெரியும்படி விட்டுவைத்தோமா? மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தது. அந்த இடத்தில் ரயில்வே கட்டடம் வந்தது. மூர் மார்க்கெட்டின் குட்டி மாதிரி ஒன்றைச் செய்து சென்ட்ரல் பக்கம் வண்டி நிறுத்துமிடத்தில் வைத்தார்கள். ஊர் முழுவதையும் இப்படிப் பொம்மையாக்கி பார்க்கிங்கில் வைத்துவிட்டால் பராமரிப்புச் செலவே கிடையாது. யாராவது மாமன்றத்தில் தீர்மானம் கொண்டுவரலாம்.

இத்தனைக்கும் நடுவில் கோபம் வருகிற இடம் ஒன்று இருக்கிறது. ஹெரிடேஜ் லைட் வரிசை முடிகிற இடத்தில் இடது பக்கம் திரும்புங்கள். சுற்றுலாக்காரர் திரும்பாத சந்து. அங்கே கம்பம் இருக்கும், விளக்கு இருக்காது. ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிற பெண், செல்போன் வெளிச்சத்தில் சாக்கடை மூடியைத் தேடித் தாண்டி வீட்டுக்குப் போகிறாள். புகார் கொடுத்தால் எண் கொடுப்பார்கள். மறுநாள் “தங்கள் புகார் சரிசெய்யப்பட்டது” என்று குறுஞ்செய்தி வரும். சந்தில் இருட்டு அப்படியே இருக்கும். கணினியில் மட்டும் வெளிச்சம் வந்துவிட்டது. தெருவிளக்கு என்பது யாரும் பணம் கொடுக்காமல் எல்லோருக்கும் கிடைத்த வெளிச்சம். அதை வசதி படைத்த தெருவுக்கு அலங்காரமாகவும் ஏழைச் சந்துக்குப் புகார் எண்ணாகவும் பிரித்துவிட்டார்கள். பாரம்பரியத்தின் பெயரில் செய்த பெரிய அயோக்கியத்தனம் இதுதான். பழைய கம்பத்தை வார்த்தவன் வெள்ளைக்காரனாக இருக்கலாம், அவன் போட்ட விளக்கிலும் துரைமார் தெரு முதலாவதாகவும் நம் தெரு கடைசியாகவும் இருந்திருக்கலாம். சுதந்திரம் வாங்கி இத்தனை வருடம் கழித்து அவனிடமிருந்து நாம் பத்திரமாகக் காப்பாற்றி வைத்திருக்கிற பாரம்பரியம் அந்த வரிசைக்கிரமம் ஒன்றுதான். அதை மட்டும் யாரும் காயலான் கடைக்கு அனுப்பவில்லை.

காலனியாட்சிக் கம்பத்தை ஏன் காப்பாற்ற வேண்டும் என்று கேட்கிற தேசபக்தர்களுக்கும் ஒரு பதில். காசு வரி கட்டியவர்களுடையது. தூக்கி நிறுத்திய கை நம் கை. தினம் ஏணி சுமந்து எண்ணெய் ஊற்றித் திரி கிள்ளியவர்கள் நம் ஆட்கள். அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர்கள் ஏணி சாத்திச் சாத்தித் தேய்ந்த கம்பி ஒன்றுதான் சாட்சி. அந்தச் சாட்சியை அழித்துவிட்டு வெள்ளைக்காரன் பாணியில் ஃபைபர் பூவேலை வாங்குகிறோமே, இதில் எது அடிமைப் புத்தி?

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்க் கடைவீதியில் பாரம்பரிய விளக்குத் திறப்பு விழா நடந்தால் கைதட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். நான்கே கேள்வி போதும். அகற்றிய பழைய கம்பங்கள் எத்தனை, இப்போது எங்கே? என்ன எடைக்கு, என்ன விலைக்கு, யாருக்கு விற்றீர்கள்? புதுக் கம்பம் ஒன்றின் விலை என்ன? அதைப் பராமரிக்க எந்த ஆண்டு வரை, எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள்?

பழைய கம்பம் இன்னும் உங்கள் தெருவில் நின்றுகொண்டிருந்தால் இன்றைக்கே அதைப் படம் எடுத்து, பீடத்தில் இருக்கிற பட்டறைப் பெயரும் தெரியும்படி எடுத்து, தேதி போட்டு மனுவோடு இணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால், குறிப்பிட்ட இடத்தில் அப்படியொரு கம்பம் இருந்ததற்கான ஆவணம் இவ்வலுவலகத்தில் இல்லை என்று பதில் வரும்.